முதலில் கல்லீரல்

போக்சிம் தன் ஐம்பத்தெட்டு வயதில் ஒரு கோப்பை மதுகூடக் குடித்தவள் அல்ல. கல்யாணத்தன்று மாமியார் வற்புறுத்தி ஊற்றிய அரிசிக்கள்ளில் ஒரு வாய் குடித்துவிட்டு, முகமெல்லாம் சிவந்து, விருந்து முடியும்வரை பின்னறையில் படுத்துக் கிடந்தாள். அந்தக் கதையை, கொரியாவின் தென்கோடியில் இருக்கும் எங்கள் மொக்போ மீன் சந்தைப் பக்கம் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அவள் புருஷன் மான்சிக் நேர் எதிர். மாலையில் தங்கள் அரிசிப் பலகாரக் கடையின் கதவை இறக்கியதும் சோஜுச் சாராயப் பாட்டிலைத் திறப்பான். கடை திறக்காத நாள் உண்டு, பாட்டில் திறக்காத நாள் கிடையாது.

அதனால், டிசம்பரில் இருவரும் ஒன்றாகப் போய்ச் செய்துகொண்ட உடல் பரிசோதனையின் முடிவு வந்தபோது, ஆள் மாறிப்போய்விட்டது என்றுதான் நினைத்தார்கள். மான்சிக்கின் கல்லீரல் சுத்தம். போக்சிமின் கல்லீரலில் கொழுப்பு, அதுவும் நடுத்தர அளவு.

"தாரே அப்பா, பேரை நல்லா பாருங்க. மாத்தி அனுப்பிட்டாங்க."

"பேரு, பொறந்த தேதி எல்லாம் உன்னுதுதான். நான் குடிக்கக் குடிக்க உனக்கு ஏறியிருக்கும். முப்பது வருஷமா பக்கத்துலயே படுத்திருக்கியே."

"சிரிக்காதீங்க. குடிக்கிறவருக்கு ஒண்ணுமில்லையாம், மோந்துகூடப் பார்க்காதவளுக்கு ஈரல் கெட்டுப்போச்சாம். இது என்ன நியாயம்?"

நியாயம் கடைக்குள்ளேயே இருந்தது. விடியும் முன் ஆவிப்பெட்டியைத் திறந்தால் பலகாரம் வெந்ததா என்று வாயில் போட்டுப் பார்க்க வேண்டும். சிவப்புப் பயறு வைத்ததில் ஒன்று, எள்ளும் தேனும் வைத்ததில் ஒன்று. வெட்டும்போது விழும் ஓரத்துண்டுகளை எறிய மனம் வராது, அவையும் வாய்க்குள்தான் போகும். கடைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் சர்க்கரை கலந்த காபிப் பொட்டலத்தைப் பிரித்துக் கலக்கும்போது தனக்கும் ஒன்று கலந்துகொள்வாள். சாயங்காலம் ஊர்ப் பெண்கள் கூடும் பொதுக் குளியல்கூடத்தில் ஐஸ் போட்ட இனிப்பு அரிசிப் பானம். மருத்துவமனையிலிருந்து போனில் பேசிய நர்ஸ், "அரிசியும் சர்க்கரையும்கூட ஈரல்ல போய் கொழுப்பாத்தான் சேரும்மா, சாராயம்தான் வேணும்னு இல்ல," என்று சொன்னாள். போக்சிம் அதை நம்பவில்லை. அரிசி தின்று ஈரல் கெட்டுப்போகும் என்றால் இந்த நாட்டில் யாருக்கு ஈரல் மிஞ்சும் என்று கேட்டாள்.

அந்த முடிவில் இன்னொரு வரியும் இருந்தது. மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கிறது, இடப்பக்கம் ஒரு நிழல் தெரிகிறது, ஸ்கேன் எடுத்துப் பார்க்கவும். மான்சிக்கிடம் கல்லீரலைப் பற்றிக் கத்திக் கத்திச் சொன்னவள், இதைச் சொல்லவில்லை. க்வாங்ஜுவில் வேலை பார்க்கும் மகள் தாரே போனில், "அம்மா, மார்புப் படம் என்ன சொன்னாங்க?" என்று கேட்டபோதும், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, ஈரல்தான் தொல்லை," என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

எங்கள் ஊரில் உடல் பரிசோதனை என்றால் பரீட்சைதான். அரசாங்கம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறது. ஒரு வருஷம் முழுக்க நேரம் கொடுத்தாலும் ஊரே டிசம்பரில்தான் வரிசையில் நிற்கும். போவதற்கு முந்தின வாரம் ஆண்கள் சோஜுவைத் தொடமாட்டார்கள், பெண்கள் இரவுச் சோற்றை விடுவார்கள், மூச்சு வாங்க வாங்க மலையேறுவார்கள். உடம்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தானே போகிறோம், அதை ஏன் ஒளிக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. மான்சிக்கும் அந்த வாரம் பாட்டிலை அலமாரியில் பூட்டிவிட்டு, யோக்கியன் மாதிரி பார்லித் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போனான். இப்படிப் பழகிய போக்சிமுக்கு, இரண்டு பாடத்தில் தவறிவிட்டோம் என்றுதான் தோன்றியது. எதில் முதலில் தேறுவது என்பதுதான் கேள்வி.

அதற்கு விடை குளியல்கூடத்தில் கிடைத்தது, அதுதான் கெடுதலாய்ப் போயிற்று.

சந்தைக்குப் பின்னால் இருக்கும் அந்தக் குளியல்கூடத்துக்கு மாதச் சந்தா கட்டி, தினமும் வந்து புழுக்க அறையில் உட்கார்ந்து ஊர் வம்பைக் கரைக்கும் ஏழெட்டுப் பெண்கள் உண்டு. அவர்களில் மூத்தவள் மீன்கடை அக்கா. அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. போக்சிமின் ஈரல் விஷயம் தெரிந்த நாளிலிருந்து அவள் போக்சிமைக் கூப்பிட்ட பெயர் குடிகாரி.

"வாடி குடிகாரி. பலகார மாவுல கள்ளை ஊத்திப் பிசையிறியாமே."

"அக்கா, நீங்க வேற. நானே தலைகால் புரியாம கிடக்கேன்."

ஜனவரியில் ஒருநாள், உடை மாற்றும் கூடத்துத் தொலைக்காட்சியில் ஒரு டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். கல்லீரலில் கொழுப்பு உள்ள பெண்களுக்கு, அது இல்லாத பெண்களைவிட மார்பகப் புற்றுநோய் சற்று அதிகமாக வருகிறது என்று கணக்கெடுப்பில் தெரிகிறதாம். ஏன் என்று இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லையாம். துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, உடம்பில் நூல்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் போக்சிமைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் துண்டை எடுத்து மார்பை மூடிக்கொண்டாள்.

"இதுல புரியறதுக்கு என்ன இருக்கு," என்றாள் மீன்கடை அக்கா. "அடுப்பு மேல கொழுப்பு சட்டி நிரம்பினா வழியும் இல்ல? ஈரல்ல நிரம்பி மேல வழியுது. ஈரலைக் காலி பண்ணு, மேல தானா சரியாயிடும்."

டாக்டர் சொன்னது ஒன்று, அக்காவுக்குக் கேட்டது ஒன்று. ஆனால் போக்சிமுக்கு அக்கா சொன்னதுதான் மனதில் பதிந்தது. நிழல் அங்கே இருந்து வந்ததென்றால், அங்கே சரிசெய்தால் போதும். முதலில் கல்லீரல். அது தேறிய பிறகு ஸ்கேனுக்குப் போனால் அங்கே பார்ப்பதற்கே ஒன்றும் இருக்காது. கெட்ட ஈரலோடு போய் நின்றால் இருக்கிற எல்லாவற்றையும் தோண்டி எடுத்துவிடுவார்கள். இந்தக் கணக்கு அவளுக்கு அவ்வளவு நிம்மதியைக் கொடுத்தது. பயந்தவளுக்கு நிம்மதி கொடுக்கிற கணக்கு எப்போதும் சரியாகத்தான் தெரியும்.

அன்றிலிருந்து ஆளுக்கொரு வைத்தியம். ஒருத்தி காட்டுக்கிழங்குச் சாறு பைகளை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்தாள், ஈரலைக் கழுவிவிடுமாம். இன்னொருத்தி அதைக் கையால் தட்டிவிட்டாள்.

"அதுல பொம்பளை ஹார்மோன் இருக்குடி. ஈரலுக்கு நல்லது, மார்புக்கு ஆகாது."

"அப்போ சோயாப்பால்?"

"அதுலயும் அதேதான் இருக்கு. ஆனா அது மார்புக்கு நல்லதுன்னு என் தங்கச்சி சொல்றா."

"ஒரே சாமான் அதுல கெட்டது, இதுல நல்லதா?"

"என்னைக் கேட்டா? நான் என்ன டாக்டரா?"

மாதுளைச் சாறு குடி என்றார்கள், குடிக்காதே என்றார்கள். மேலே நல்லது கீழே கெட்டது, கீழே நல்லது மேலே கெட்டது. போக்சிமுக்குத் தன் உடம்பே மேல்மாடிக்காரனும் கீழ்வீட்டுக்காரனும் சண்டை போடும் வீடு மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் எல்லாப் பைகளையும் மான்சிக்கிடம் தள்ளிவிட்டாள். அவன் அவற்றைச் சோஜுவில் கலந்து குடித்தான்.

ஒன்று மட்டும் சரியாகச் செய்தாள். காபிப் பொட்டலத்தை விட்டாள். ஓரத்துண்டுகளைப் பக்கத்துக் கடைக்காரிகளுக்குக் கொடுத்தாள். பலகாரம் வெந்ததா என்று மான்சிக்கை வாயில் போட்டுப் பார்க்கச் சொன்னாள், அவன் எல்லாவற்றுக்கும் "ம், வெந்திருக்கு" என்றான், இரண்டு தடவை வேகாத பலகாரம் கல்யாண வீட்டுக்குப் போய் மானம் போயிற்று. கடையை அவனிடம் விட்டுவிட்டு மதியத்தில் யூதால் மலையில் ஏறி இறங்கினாள். மார்ச்சில் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. தாரே விடுமுறைக்கு வந்தவள், "அம்மா, அழகாயிட்ட," என்றாள். போக்சிமுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் குளிக்கும்போது பச்சைத் தேய்ப்புத் துணி கையிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து வயிற்றுக்கு என்று போகும். இடப்பக்கம் வந்ததும் அவசரமாக நழுவிவிடும். அங்கே கையை வைத்துப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. முதுகு மட்டும் எப்போதும் அரைகுறைதான். தேய்த்துவிட ஆளில்லை.

இருபது வருஷமாக அவள் முதுகைத் தேய்த்தவள் கும்ஜா. சந்தை முனையில் துணி தைத்துத் திருத்தும் சின்னக் கடை வைத்திருக்கிறாள். ஒரே வயது, வாடி போடி என்று பேசிக்கொள்ளும் சிநேகம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் குளியல்கூடத்துக்கு வருவதைச் சட்டென்று நிறுத்திவிட்டாள். கேட்டால், இடுப்பு வலி, வீட்டிலேயே குளிக்கிறேன் என்றாள். அதற்கு முந்தின வாரம்தான் போக்சிம் எல்லார் முன்னாலும், "உன் முதுகைத் தேய்க்கவே பயமா இருக்குடி, எலும்புதான் தட்டுப்படுது," என்று சிரித்திருந்தாள். அதற்குத்தான் கோபித்துக்கொண்டாள் என்று போக்சிம் முடிவு கட்டினாள். ஒரு வார்த்தைக்கு இவ்வளவு முறுக்கா என்று இவளுக்கும் ரோஷம். வழியில் பார்த்தால் தலையாட்டிவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான்.

மே மாதத்தில் போக்சிம் ஈரல் டாக்டரிடம் போனாள். அவர் வயிற்றில் களிம்பைத் தடவி, கருவியை உருட்டி, திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"நல்லா குறைஞ்சிருக்கும்மா. இப்ப லேசாத்தான் இருக்கு. எப்படிப் பண்ணீங்க?"

அந்த ஒரு கேள்விக்காகவே இத்தனை மாதம் மலையேறினேன் என்று அவளுக்குத் தோன்றியது. முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளை மாதிரி அங்கிருந்து இறங்கி, அதே தெருவில் இருந்த மார்பக மருத்துவமனைக்குள் நேராக நுழைந்தாள். காத்திருக்கும் கூடத்தில் ஜன்னலோர நாற்காலியில் கும்ஜா உட்கார்ந்திருந்தாள்.

கும்ஜாதான் முதலில் பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உக்காரு. நீ ஏன்டி இங்க?"

"சும்மா, ஒரு ஸ்கேன். நீ?"

"ஆறு மாசத்துக்கு ஒருதரம் வரச் சொல்லியிருக்காங்க. வலப்பக்கம் முழுசா எடுத்துட்டாங்க. ரெண்டு வருஷம் ஆச்சு."

போக்சிம் அவள் சட்டையைப் பார்த்தாள், பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் செருப்பைப் பார்த்தாள்.

"எங்கிட்ட சொல்லவே இல்லையே. நான் எலும்புன்னு சொன்னதுக்குக் கோவிச்சுக்கிட்டன்னு இருந்துட்டேன்."

"அதுக்கா கோவிப்பாங்க? இப்ப நீ செருப்பைப் பார்க்கிற பாரு, அங்க எட்டு பேரும் இப்படிப் பார்ப்பீங்க. அதுக்குத்தான் வரல."

போக்சிம் செருப்பிலிருந்து கண்ணை எடுத்து அவள் முகத்தைப் பார்த்தாள். ஆனாலும் ஒரு கேள்வி உள்ளே குடைந்தது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உனக்கு ஈரல்ல கொழுப்பு இருந்துச்சா?"

"என் உடம்புல கொழுப்பா? நீதானே சொன்ன, எலும்புதான் தட்டுதுன்னு. ஈரல் கண்ணாடி மாதிரி இருந்துச்சாம். எதுக்குக் கேக்குற?"

ஐந்து மாதமாகப் போக்சிம் ஏறி நின்ற ஏணியின் ஒரு கால் பொட்டென்று விழுந்தது. ஈரலில் கொழுப்பே இல்லாதவளுக்கு எங்கிருந்து வழிந்தது?

டாக்டர் நடுத்தர வயதுப் பெண். டிசம்பர் படத்தையும் இன்றைய ஸ்கேனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"டிசம்பர்லயே வரச் சொல்லியிருக்காங்களே. ஏன்மா இவ்வளவு நாள்?"

"ஈரலைச் சரிபண்ணிட்டு வரலாம்னு இருந்தேன் டாக்டரம்மா. இப்ப சரியாயிடுச்சு. ஈரல் டாக்டரே சொன்னாரு. அப்ப இதுவும் சரியாயிருக்கும் இல்ல?"

டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது போக்சிமுக்கு.

"அது வேற, இது வேறம்மா. ஈரலைக் குறைச்சது ரொம்ப நல்லது, வீண் இல்ல. ஆனா இந்த நிழல் என்னன்னு அதைப் பார்த்தாத்தான் தெரியும். ஊசி போட்டு ஒரு துளி எடுத்துப் பார்க்கணும்."

மரத்துப்போக ஊசி போட்ட பிறகும், சதையைக் கிள்ளி எடுக்கும் கருவி 'டக்' என்று அடிக்கும்போதெல்லாம் உடம்பு தூக்கிப் போட்டது. வெளியே வந்தபோது கும்ஜா போகாமல் உட்கார்ந்திருந்தாள். கையிலிருந்த பார்லித் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அன்றைக்குத்தான் போக்சிம் மான்சிக்கிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் திறந்த பாட்டிலை அப்படியே மூடி அலமாரியில் வைத்தான். "ஈரலைப் பத்தி அவ்வளவு கத்தினியே, இதைச் சொல்ல வாய் வரலையா?" என்று கேட்டான். அவன் குரல் நடுங்கியதை அவள் அதற்கு முன் கேட்டதே இல்லை.

முடிவு வந்தது. புற்றுநோய்தான். சின்னது, ஆரம்ப நிலை. தாரே க்வாங்ஜுவிலிருந்து ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு டாக்டர் முன்னால் உட்கார்ந்தாள். போக்சிம் கேட்கவேண்டிய கேள்விகளை எல்லாம் விட்டுவிட்டு ஒன்றைத்தான் கேட்டாள்.

"ஈரலாலதான் வந்துச்சா, டாக்டரம்மா?"

"சொல்ல முடியாதும்மா."

"டிவியில சொன்னாங்களே."

"ஒரு லட்சம் பொம்பளைங்களைச் சேர்த்துப் பார்த்தா, கொழுப்பு ஈரல் இருக்கிறவங்களுக்கு மத்தவங்களைவிடக் கொஞ்சம் அதிகமா வந்திருக்குன்னு தெரியுது. ஆனா உங்களுக்கு அதனால வந்துச்சான்னு உங்க ஒருத்தரை வெச்சு யாராலயும் சொல்ல முடியாது."

"நான் ஒருத்திதானே."

டாக்டர் அறிக்கையைத் தாரே பக்கம் திருப்பி வைத்தார்.

"டிசம்பர்லயே வந்திருந்தா?" என்று தாரே கேட்டாள்.

"இன்னும் சின்னதா இருந்திருக்கலாம். இதே அளவாவும் இருந்திருக்கலாம். ஆனா இன்னும் ஒரு வருஷம் கழிச்சு வந்திருந்தா நான் இப்படிப் பேசிக்கிட்டு இருக்கமாட்டேன்."

இது என்ன பதில் என்று போக்சிமுக்கு எரிச்சலாக வந்தது. ஈரலால் என்றால் ஈரலைத் திட்டலாம். தாமதத்தால் என்றால் தன்னைத் திட்டிக்கொள்ளலாம். எதையும் பிடித்துக்கொள்ளக் கொடுக்காமல் இப்படி நடுவில் நிறுத்தினால் எப்படி? குடிக்கிறவன் ஈரல் சுத்தம், ஈரல் சுத்தமானவள் மார்பு போயிற்று, ஈரலைச் சுத்தம் செய்தவள் இங்கே உட்கார்ந்திருக்கிறாள். பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் இதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். ஒரு பக்கமும் பொருந்தவில்லை. இன்றுவரை பொருந்தவில்லை என்றுதான் சொல்கிறாள்.

க்வாங்ஜுவில் பெரிய மருத்துவமனையில் அறுவை நடந்தது. முழுவதும் எடுக்கவில்லை, கட்டியும் சுற்றிக் கொஞ்சமும்தான். கோடை முழுக்கக் கதிர் சிகிச்சை. தோல் கறுத்து உரிந்தது. வெந்நீர் கூடாது என்றதால் குளியல்கூடம் பக்கம் போகவில்லை. மீன்கடை அக்கா வாரம் ஒருமுறை கடைக்கு வந்து மீன் கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், கதவையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போவாள். வாய் ஓயாத மனுஷி வாயை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்க்க போக்சிமுக்கு அழுகையாக வந்தது. கும்ஜா மட்டும் தினமும் வந்தாள். வந்து, மான்சிக் வெட்டிய பலகாரங்கள் கோணல் என்று அவனைத் திட்டிவிட்டுப் போவாள்.

மறுபடி டிசம்பர் வந்தது. தோல் ஆறிவிட்டது, வெந்நீரில் இறங்கலாம் என்று டாக்டர் சொன்ன மறுநாள் போக்சிம் தையல்கடை வாசலில் போய் நின்றாள். கையில் பச்சைத் துணி.

"கிளம்புடி."

"நான் வரல. நீ போ."

"முதுகு மூணு வருஷமா அரிக்குது. நீ வரலன்னா நான் இங்கயே சட்டையைக் கழட்டி உக்காருவேன்."

கும்ஜா கத்தரிக்கோலை வைத்துவிட்டு அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கடை விளக்கை அணைத்தாள்.

உள்ளே நுழைந்தபோது புழுக்க அறையிலிருந்து வந்த சிரிப்புச் சத்தம் பாதியில் நின்றது. ஒருத்திக்குக் கறுத்த தோலும் பள்ளமும், இன்னொருத்திக்கு ஒரு பக்கம் வெறும் கோடு. துண்டு இருவர் கையிலும் இருந்தது, இருவரும் மூடவில்லை. ஏழெட்டுப் பேரும் பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார்கள். கும்ஜா பயந்தது அப்படியே நடந்தது. அவள் திரும்பிப் போகக் கால் எடுத்ததை போக்சிம் பார்த்தாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி குடிகாரி," என்றது மீன்கடை அக்காவின் குரல் கடைசியில். "ஈரல் எப்படி இருக்கு?"

"ஈரல் சுத்தமா இருக்கு அக்கா," என்றாள் போக்சிம். சிரிக்கத்தான் நினைத்தாள். பாதியில் குரல் உடைந்துவிட்டது.

யாரோ நகர்ந்து இரண்டு பேருக்கு இடம் விட்டார்கள். யாரோ வெந்நீரை ஊற்றிப் பலகையைக் கழுவிவிட்டார்கள். கும்ஜா உட்கார்ந்தாள். போக்சிமின் கையிலிருந்த பச்சைத் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"மெதுவா தேய்," என்றாள். "எலும்பு தட்டுப்படும்."